ஒரு கெட் போட்டால் சரியாகிவிடுமா?

எங்கள் டீமில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம் ஒன்று உண்டு. எங்காவது கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) கவிழ்ந்து, லாகில் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ வாடை, அதாவது ஃப்ரீ செய்து திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியை மறுபடி தொட்ட வாடை, அடித்தால் போதும், நாற்காலியைக்கூடத் திருப்பாமல் யாராவது சொல்வார்கள்: "அங்க ஒரு கெட் போட்டுப் பாரேன்." கெட் என்றால், இந்த ஆப்ஜெக்ட்டை நானும் பிடித்திருக்கிறேன் என்று அதன் எண்ணிக்கையில் ஒன்று கூட்டுவது. வேலை முடிந்ததும் ஒன்று குறைப்பது புட். போடுவார்கள். பெரும்பாலும் கிராஷ் நின்றும்விடும். டிக்கெட்டை மூடிவிட்டு சர்வீஸ் ரோட்டில் டீ குடிக்கப் போய்விடலாம். எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் ரொம்ப நாளாக எரிச்சல். கிராஷ் ஏன் நின்றது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. நின்றதா, தள்ளிப்போனதா என்றும் தெரியாது. ரெஃபரன்ஸ் கவுண்ட் என்பது கணக்கு, ஒரு ஆப்ஜெக்ட்டை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு. கணக்கில் உதறல் எடுத்து ஒன்றைக் கூட்டிவைத்தால் அது எப்படித் திருத்தம் ஆகும்? இப்படித்தான் வாதாடிக்கொண்டிருந்தேன். சமீபத்தில் நடந்த ஒரு ரிவியூவுக்குப் பிறகு என்னால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த வாக்கியம் தவறில்லை, பாதியில் நின்றுவிடுகிறது என்று இப்போது படுகிறது.

எண்ணிக்கை பூஜ்யமானால் ஃப்ரீ செய்வது என்ற யோசனையை ஜார்ஜ் காலின்ஸ் 1960ல் எழுதிவிட்டார். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆபீஸ் பெருங்குடியில். நெட்வொர்க் பெட்டிகளுக்கு லினக்ஸ் கெர்னல் மாட்யூல் எழுதுவது பிழைப்பு. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் ஒரு செஷன் ஆப்ஜெக்ட், செஷன்களைத் தேடிப்பிடிக்க ஒரு ஹாஷ் டேபிள், டேபிளுக்கு ஒரு ஸ்பின்லாக் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தொடவிடும் பூட்டு). ஒவ்வொரு செஷனுக்குள்ளும் ரெஃபரன்ஸ் கவுண்ட்டாகக் கையால் எழுதிய ஒரு அட்டாமிக் எண் (பல சிபியு ஒரே நேரத்தில் மாற்றினாலும் குழம்பாதது). பழைய கோடு, எழுதியவர்கள் யாரும் இப்போது இங்கே இல்லை. கஸ்டமர் இடத்தில் லோடு ஏறும்போது மட்டும் விழும். எங்கள் லேபில் எத்தனை டிராஃபிக் அனுப்பினாலும் கல் மாதிரி நிற்கும். மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் என்ற கருவியைப் போட்ட கெர்னலை கஸ்டமரிடம் கொடுக்க முடியாது, மெமரியில் எட்டில் ஒரு பங்கை அதன் நிழல் மெமரியே தின்றுவிடும், பெட்டியும் ஓடாமல் நடக்கத் தொடங்கிவிடும். மெமரி ஒதுக்கும் பகுதியின் சோதனை வசதியான ஸ்லப் டீபக்கை மட்டும், செஷன்களுக்கு மெமரி கொடுக்கும் அந்த ஒரு கேஷுக்குப் போட்டுக் கொடுத்தோம்.

வந்த டம்ப்பை (விழுந்த நேரத்து மெமரியின் நகலை) திறந்தால், வலது பக்கத்து எழுத்துப் பத்தியில் மேலிருந்து கீழ் வரை ஒரே எழுத்து. கே கே கே கே என்று வரிசையாக. கெர்னல் உலகத்தில் இருப்பவர்களுக்கு அதைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கும். ஸ்லப் டீபக்கில் ஃப்ரீ ஆன மெமரியை 6பி என்ற பைட்டால் நிரப்பி, கடைசி பைட்டில் ஏ5 வைப்பார்கள். ஆஸ்கியில் 6பி என்றால் சிறிய கே. நம் செஷனின் ஐபி முகவரி, டைமர், எண்ணிக்கை எல்லாம் இருந்த இடத்தில் இப்போது கே. அந்தக் கேக்களுக்கு நடுவே ஒரு ஃபங்ஷன் பாயின்டரை (ஃபங்ஷன் இருக்கும் மெமரி முகவரியை) எடுத்துக் குதிக்கப் போய்த்தான் கெர்னல் விழுந்திருக்கிறது.

கணக்கு சரி, ஆனாலும் விழுகிறது

கோடு பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. தேடுகிறவர் லாக்கை எடுத்து, டேபிளில் செஷனைக் கண்டுபிடித்து, எண்ணை ஒன்று கூட்டி, லாக்கை விட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார். முடித்ததும் புட். கடைசி புட்டில் எண் பூஜ்யமானால் ரிலீஸ் ஃபங்ஷன் ஓடும். அது லாக்கை எடுத்து, டேபிளிலிருந்து செஷனைப் பிய்த்துவிட்டு ஃப்ரீ செய்யும். ஒவ்வொரு கெட்டுக்கும் ஒரு புட் இருந்தது. உட்கார்ந்து எண்ணிப் பார்த்தோம், ஒன்றுகூடக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஓட்டை இருந்தது எண் பூஜ்யமான கணத்துக்கும் ரிலீஸ் ஃபங்ஷன் லாக்கைப் பிடித்த கணத்துக்கும் நடுவில். அந்த இடுக்கில் இன்னொரு சிபியு லாக்கை எடுத்துவிடுகிறது. டேபிளில் செஷன் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்து பூஜ்யத்தை ஒன்றாக்கி, கிடைத்துவிட்டது என்று கிளம்பிவிடுகிறது. ரிலீஸ் ஃபங்ஷன் திரும்ப எண்ணைப் பார்க்காது, ஏன் பார்க்க வேண்டும்? லாக் கிடைத்ததும் தன் பாட்டுக்கு ஃப்ரீ செய்துவிடும்.

எங்கள் கட்டடத்தில் ராத்திரி டியூட்டி பார்க்கும் செக்யூரிட்டி அண்ணன் ஒரு ரெஜிஸ்டர் வைத்திருப்பார். மாடிக்குள் போகிறவர் எழுத வேண்டும், வெளியே வருகிறவர் எழுத வேண்டும். எல்லாரும் வெளியே வந்தாயிற்று என்றால் விளக்கை அணைத்துப் பூட்டுவார். இப்போது தெருவிலிருந்து ஒருவன் நாலாவது மாடியில் விளக்கு எரிவதைப் பார்த்து, ஆள் இருக்கிறார்கள் என்று லிஃப்டில் ஏறுகிறான். அவன் பெயர் ரெஜிஸ்டரில் கிடையாது. அவன் மேலே வருவதற்குள் ரெஜிஸ்டர் பூஜ்யமாகிவிட்டது. அண்ணன் கணக்கில் ஒரு தப்பும் இல்லை. டேபிளில் இருக்கும் பாயின்டர் என்பது தெருவிலிருந்து தெரியும் அந்த விளக்கு, அவ்வளவுதான்.

கெர்னல் ஆவணங்களில், கேரெஃப் என்ற ரெஃபரன்ஸ் கவுண்ட் வசதி பற்றிய பக்கத்தில் மூன்று விதிகள் உண்டு. பாயின்டரை இன்னொருவரிடம் கொடுக்கும் முன் கெட் செய். வேலை முடிந்ததும் புட் செய். கையில் ஏற்கெனவே ரெஃபரன்ஸ் இல்லாமல் புதிதாக ஒன்றை எடுக்கப் போகிறாய் என்றால், அந்த நேரத்தில் கடைசி புட் நடக்க முடியாதபடி பார்த்துக்கொள். முதல் இரண்டையும் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். என் அனுபவத்தில் கிராஷ்கள் வருவதெல்லாம் மூன்றாவதிலிருந்து.

லேபில் வரவழைக்க ஒரு பழைய தந்திரம் செய்தோம். ரிலீஸ் ஃபங்ஷனில் லாக் எடுக்கும் வரிக்கு முன்னால் சில மில்லிசெகண்ட் சும்மா சுற்றும் தாமதம் ஒன்றை வைத்தோம். கூடவே, வெறும் அட்டாமிக் எண்ணைத் தூக்கிவிட்டு ரெஃப்கவுண்ட்_டியைப் போட்டோம். 2017ல் வந்த 4.11 பதிப்பிலிருந்து கெர்னலில் இருக்கும் இந்த வகை, பூஜ்யத்திலிருந்து யாராவது கூட்டினால் கத்தும். ஓடவிட்டதும், கிராஷுக்கு ரொம்ப முன்னாலேயே "அடிஷன் ஆன் 0, யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ" என்று லாகில் எச்சரிக்கை கொட்டியது. அட்டாமிக் எண்ணைக் கையால் ஏற்றி இறக்கும் கோடு உங்களிடம் இருந்தால், வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இந்த மாற்றத்தையாவது செய்துவிடுங்கள்.

"சேஃப்டி எப்போ புட் பண்ணுவான்?"

பேட்ச் எழுதியது புதிதாகச் சேர்ந்த பையன். எதிர்பார்த்தபடியே ஒரு கெட் போட்டிருந்தான். செஷன் உருவாகும் ஃபங்ஷனின் கடைசியில் ஒரு கூடுதல் கெட். செஷனை மூடும் ஃபங்ஷனில் அதற்கு ஒரு புட். தாமதத்தை வைத்து ஓட்டினாலும் கிராஷ் வரவில்லை. எனக்கு வழக்கமான எரிச்சல் வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் டீமிலேயே மூத்தவரான அக்கா கேட்டார்: "இந்த கெட் யாருக்குப்பா?"

"சேஃப்டிக்குத்தான் அக்கா."

"சேஃப்டின்னா யாரு? அவன் எப்போ புட் பண்ணுவான்?"

அறையில் சிரித்துவிட்டார்கள், பையனும் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை, நிஜமாகவே கேட்டிருந்தார். செஷன் முடிவதற்கு இரண்டு வழி இருந்தது: எதிர்முனை மூடுவது ஒன்று, நேரம் கடந்து தானாகக் காலாவதி ஆவது இன்னொன்று. பையன் புட் போட்டிருந்தது முதல் வழியில் மட்டும். இரண்டாவது வழியில் போகும் ஒவ்வொரு செஷனும் கசியும். இரண்டிலும் போட்டால், ஒரே நேரத்தில் இரண்டும் நடக்கும்போது புட் இரண்டு முறை விழும். சேஃப்டி என்று ஒருவர் இல்லாததால் அவர் எப்போது விடைபெறுகிறார் என்றும் யாராலும் சொல்ல முடியவில்லை.

அப்புறம் அக்கா எழுந்து போர்டில் ஒரு வார்த்தை எழுதினார்: டேபிள். "இந்த ரெஃபரன்ஸ் டேபிளோடது. டேபிள்ல சேர்க்கும்போது எடு. டேபிள்லேர்ந்து எவன் எடுக்கிறானோ அவன் விடட்டும்." பையனின் அதே கெட் வரிதான். செஷனை உருவாக்கும் ஃபங்ஷனின் கடைசியிலிருந்து, டேபிளில் சேர்க்கும் வரிக்கு நேர் மேலே போனது. புட், டேபிளிலிருந்து நீக்கும் ஃபங்ஷனுக்குப் போனது. நீக்குவது லாக்குக்குள் நடப்பதால் இரண்டு வழிகளில் ஒன்றுதான் ஜெயிக்கும். ஜெயித்தவர் மட்டும் புட் செய்வார், தோற்றவர் ஏற்கெனவே நீக்கியாயிற்று என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்.

இப்போது அந்த இடுக்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள். டேபிளில் செஷன் இருக்கிறது என்றால் எண் குறைந்தது ஒன்று. லாக் கையில் இருக்கும் வரை யாரும் டேபிளிலிருந்து நீக்க முடியாது, ஆகவே எண் பூஜ்யமாகவும் முடியாது. தேடுகிறவர் தாராளமாக கெட் செய்யலாம். மூன்றாவது விதியைக் காப்பாற்றத் தனியாக ஒன்றும் செய்யவில்லை, டேபிளுக்கும் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதோடு அது தானாக நிறைவேறிவிட்டது. ரிலீஸ் ஃபங்ஷன் டேபிளையோ லாக்கையோ தொடுவதே இல்லை, ஃப்ரீ செய்வதோடு சரி. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: லாக்கை விட்ட பிறகுதான் புட். லாக்குக்குள்ளேயே கடைசி புட் விழுந்தால், ரிலீஸில் பின்னாளில் யாராவது அதே லாக்கைத் தொடும் வரி ஒன்றைச் சேர்ப்பார்கள், பெட்டி அப்படியே உறைந்துபோகும்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் இதுதான் மண்டைக்குள் ஓடியது. ஓஎம்ஆர் மெட்ரோ வேலையில் வண்டி நகராத நேரத்தில் யோசிக்க நிறைய வாய்ப்பு. ஒரே வரி கோடு. "சேஃப்டிக்கு" என்று இருந்தபோது கசிவு, "டேபிளுக்கு" என்றானதும் திருத்தம். கம்பைலருக்கு இரண்டும் ஒன்று. நான் இத்தனை நாள் எரிச்சல்பட்டது கெட் போட்டதற்கா, அது யாருக்கு என்று கேட்காமல் விட்டதற்கா?

இதற்குப் போட்டியாக இன்னொரு வழியும் பேசப்பட்டது. டேபிளுக்கு ரெஃபரன்ஸ் வேண்டாம், தேடும்போது கெட்_அன்லெஸ்_ஜீரோ (எண் பூஜ்யமாக இல்லையென்றால் மட்டும் கூட்டுவது) போடலாம். எண் பூஜ்யமாக இருந்தால் செஷன் இல்லை என்று சொல்லிவிடலாம். லாக்குக்குள் செய்தால் இதுவும் சரிதான், ஃப்ரீ செய்கிறவருக்கு அதே லாக் வேண்டும் என்பதால் எண்ணைப் படிக்கும்போது மெமரி உயிரோடு இருக்கும். ஆபத்து எங்கே என்றால், பூஜ்யமா என்றுதான் பார்க்கிறோமே, லாக் எதற்கு என்று அடுத்த மாதம் யாராவது வேகத்துக்காக லாக்கைத் தூக்குவார்கள். தூக்கிவிட்டால் ஃப்ரீ ஆன மெமரியில் இருக்கும் எண்ணைத்தான் படிக்கிறோம். அங்கே இந்நேரம் வேறொரு செஷன் குடிவந்திருந்தால், அதன் எண் இரண்டு என்று இருக்கும், நாமும் சந்தோஷமாக மூன்றாக்கிவிட்டு இன்னொருவரின் கனெக்‌ஷனில் எழுதத் தொடங்குவோம். படிக்கிறவர்கள் முடிக்கும் வரை மெமரியை விட்டுவைக்கும் ஆர்சியு முறையோடு சேர்த்து, கெட் செய்த பிறகு இது நாம் தேடிய செஷன்தானா என்று கீயை மறுபடி சரிபார்த்தால் லாக் இல்லாமலும் முடியும். வேகம் உண்மையிலேயே தேவைப்படுகிற இடத்தில் செய்யுங்கள். எங்களுக்குத் தேவைப்படவில்லை.

கசிவு என்றால் பரவாயில்லையா

கூடுதல் கெட்டால் கசிவுதானே, கிராஷை விடக் கசிவு மேல் என்று ஒரு வாதம் வரும். அதில் உண்மை இருக்கிறது. ரெஃப்கவுண்ட்_டியே அப்படித்தான் யோசிக்கிறது: எண் எல்லை தாண்டினால் ஒரு பெரிய மதிப்பில் ஒட்டிக்கொள்ளும், அந்த ஆப்ஜெக்ட் ஒருநாளும் ஃப்ரீ ஆகாது. ஆனால் அது வருவதற்கு முன்னால் கசிவே யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ ஆன கதை ஒன்று உண்டு. லினக்ஸின் கீரிங் (ரகசியச் சாவிகளை வைக்கும் இடம்) கோடில் 3.8 பதிப்பிலிருந்து இருந்த ஓட்டை, 2016 ஜனவரியில் வெளிவந்தது, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2016-0728. ஒரு ப்ராசஸ் தன் செஷன் கீரிங்கை அதே கீரிங்கால் மாற்றச் சொன்னால், அந்த ஒரு வழியில் மட்டும் புட் விட்டுப்போயிருந்தது. ஒவ்வொரு முறையும் எண் ஒன்று கூடும். எண்ணோ 32 பிட். 429 கோடி முறைக்கு மேல் அழைத்தால் சுற்றி வந்து பூஜ்யமாகிவிடும், ஃப்ரீ ஆகிவிடும், பாயின்டர் மட்டும் நம் கையில். கண்டுபிடித்தவர்கள் ஒரு ஐ7 ப்ராசஸரில் சுமார் அரை மணி நேரத்தில் முடித்தார்கள். எரர் வந்தால் குதித்துப்போகும் ஒரு கோட்டோ (goto) வரி, அதில் விடுபட்ட ஒரு புட், அதற்கு ரூட் அனுமதி, அதாவது முழு அதிகாரம், பரிசு.

கேசான் இருக்கிறதே, பிடித்துவிடாதா என்று பையன் கேட்டான். 2015ல் 4.0வோடு வந்த கேசான் இல்லாமல் இன்று கெர்னல் வேலையை நினைத்துப் பார்க்கவே முடியாது. தொட்ட இடம், ஒதுக்கிய இடம், ஃப்ரீ செய்த இடம் மூன்றுக்கும் ஸ்டாக்கை (எந்தெந்த ஃபங்ஷன் வழியாக வந்தது என்ற பட்டியலை) கொடுத்துவிடும். ஆனால் ரெஃபரன்ஸ் கவுண்ட் பிழையில் அந்த மூன்றாவது ஸ்டாக் பெரும்பாலும் ஒரு அப்பாவியைக் காட்டும். கடைசியாக புட் செய்தவர் தன் கடமையைச் செய்தவர். அவருக்கு முன்னால் எங்கோ, தன்னுடையது அல்லாத ஒன்றைப் புட் செய்துவிட்டுப் போன ஆசாமிதான் குற்றவாளி. அவர் ஸ்டாக் எங்கேயும் பதிவாகவில்லை. எண்ணுக்கு முகம் கிடையாது. மூன்று என்றால் மூன்று, எந்த மூவர் என்று அது சொல்லாது.

நெட்வொர்க் கோடில் இதற்கு ஒரு பதில் கண்டுபிடித்தார்கள். நெட்வொர்க் இன்டர்ஃபேஸை நீக்கும்போது "வெயிட்டிங் ஃபார் லோ டு பிகம் ஃப்ரீ" (லோ என்பது பெட்டி தன்னோடு தானே பேசும் இன்டர்ஃபேஸ்) என்று லாகில் பத்து பத்து செகண்டுக்கு ஒருமுறை வந்து உயிரை எடுக்குமே, அதை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். 2022ல் 5.17 பதிப்பில் கெர்னல் நெட்வொர்க் டெவலப்பர் எரிக் டூமசே ரெஃப்_டிராக்கரைக் கொண்டுவந்தார். கெட் செய்யும்போது ஒரு சீட்டு கிடைக்கும், எந்த இடத்தில் எடுத்தாய் என்ற ஸ்டாக்கோடு. புட் செய்யும்போது அதே சீட்டைக் காட்ட வேண்டும். நாங்கள் அதைவிட எளிதாக ஒன்று செய்தோம். டீபக் பில்டில் ஒவ்வொரு செஷனுக்குள்ளும் ஒரு எண்ணுக்குப் பதில் நாலு எண்: டேபிள், டைமர், ஒர்க்கர், பாக்கெட். கெட், புட் இரண்டுக்கும் யாருக்காக என்று சொல்லியாக வேண்டும். கூட்டுத்தொகை ஒழுங்காக இருந்தாலும் ஏதாவது ஒரு எண் மைனஸுக்குப் போனால் உடனே கத்தும்.

போட்ட அன்றைக்கே ஒர்க்கர் கணக்கு ஏறிக்கொண்டே போனது. அது யாரும் தேடாத பிழை. ஒர்க்கை (பிறகு ஓடட்டும் என்று ஒதுக்கிவைக்கும் வேலையை) க்யூவில் போடும் முன் கெட் செய்கிறோம், ஒர்க் ஓடி முடிந்ததும் அது புட் செய்யும். ஆனால் அந்த ஒர்க் ஏற்கெனவே க்யூவில் காத்திருந்தால் க்யூ_ஒர்க் பொய் என்று திருப்பிக் கொடுக்கும். இரண்டு முறை கேட்டாலும் ஓடப்போவது ஒரு முறைதான். அந்தத் திரும்பும் மதிப்பை யாரும் பார்க்கவில்லை. பொய் வந்தால் எடுத்த ரெஃபரன்ஸை அங்கேயே விட்டுவிட வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு: கேன்சல்_ஒர்க்_சிங்க் மெய் என்று சொன்னால் அந்த ஒர்க் இனி ஓடாது, அதன் பங்கை ரத்து செய்தவர்தான் விட வேண்டும். ரிலீஸ் ஃபங்ஷனுக்குள் கேன்சல்_ஒர்க்_சிங்க் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கடைசி புட் அந்த ஒர்க்குக்குள்ளேயே விழுந்தால் அது தான் முடிவதற்காகத் தானே காத்துக்கொண்டு நிற்கும்.

பல த்ரெட் இருந்தால்தான் இந்த வம்பு என்று நினைக்க வேண்டாம். பைத்தானின் சி ஏபிஐயில் (சி மொழியிலிருந்து பைத்தானைத் தொடும் வழியில்) ஒரு லிஸ்ட்டின் முதல் உறுப்பைக் கேட்டால் பைலிஸ்ட்_கெட்ஐட்டம் கொடுப்பது கெட் செய்யாத இரவல் பாயின்டர். அதைக் கையில் வைத்துக்கொண்டு, அதே லிஸ்ட்டின் வேறொரு இடத்தில் புதிதாக எதையோ வைக்கிறீர்கள். அங்கே இருந்த பழைய ஆப்ஜெக்ட் சாகிறது, சாகும்போது ஓடும் அதன் டெல் மெதட் ஓடுகிறது, அது லிஸ்ட்டின் முதல் உறுப்பையே அழித்துவிடலாம். ஒரே த்ரெட், ஒரு லாக்கும் தேவையில்லை, கையில் இருப்பது செத்த பாயின்டர். பைத்தான் ஆவணமே வெகுகாலமாக இதை எச்சரித்து வந்தது; 3.13ல்தான் சொந்த ரெஃபரன்ஸ் கொடுக்கும் பைலிஸ்ட்_கெட்ஐட்டம்ரெஃப் வந்தது.

பையன் இப்போது ரஸ்ட் மொழி, ரஸ்ட் மொழி என்று பிடுங்குகிறான். கெர்னலில் 6.1 பதிப்பிலிருந்து இருக்கிறது, எழுதிப் பார்க்கட்டும் என்று ஒரு சின்ன மாட்யூலைக் கொடுத்தோம். ஆர்க் என்பது எண்ணிக்கையைத் தானே பார்த்துக்கொள்ளும் பாயின்டர்; அதை குளோன் செய்ய (கெட்) வேண்டுமென்றால் கையில் ஏற்கெனவே ஒரு ஆர்க் இருந்தாக வேண்டும். லிஃப்டில் ஏறி வரும் ஆளுக்கு மொழியிலேயே இடம் இல்லை. ரஸ்ட்டின் பொது நூலகத்தில், தேடிப்பிடிப்பதற்கு வீக் என்ற பிடித்துவைக்காத பாயின்டரை வைத்து அப்கிரேட் செய்தால், கெட்_அன்லெஸ்_ஜீரோவின் வேலையும் நடக்கிறது, எண் இருக்கும் மெமரியும் அதுவரை உயிரோடு இருக்கிறது; கெர்னலின் ஆர்க்கில் அந்த வீக் கிடையாது. நன்றாகத்தான் எழுதியிருந்தான். சிக்கல் வந்தது சி கோடோடு ஒட்டும் இடத்தில். ஒரு வெண்டரின் டிரைவரிடம் கால்பேக் (அது நம்மைத் திரும்ப அழைக்கும் ஃபங்ஷன்) பதிவு செய்ய வேண்டும், அந்த டிரைவர் நம் ஆப்ஜெக்ட்டை வகை தெரியாத வெறும் வாய்டு பாயின்டராகத்தான் வைத்துக்கொள்ளும். கால்பேக் ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தப் பாயின்டரை முழு ஆர்க்காக மாற்றினால், ஃபங்ஷன் முடியும்போதெல்லாம் எண் ஒன்று குறையும். அதனால் கால்பேக்குக்குள் இரவல், பதிவை நீக்கும்போது ஒரே ஒருமுறை முழுசாகத் திரும்ப வாங்குவது என்று எழுதியிருக்கிறான். கெர்னலின் ரஸ்ட் நூலகத்தில் இதற்கென்றே ஃபாரின்ஓனபிள் என்று ஒரு ட்ரெயிட் இருக்கிறது, சரியாகத்தான் பயன்படுத்தியிருக்கிறான்.

ஆனால் பதிவை நீக்கும் ஃபங்ஷன் திரும்பி வந்த பிறகும் வேறொரு சிபியுவில் கால்பேக் ஓடிக்கொண்டிருக்க முடியுமா? வெண்டரின் ஆவணத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. சோர்ஸும் கொடுக்கவில்லை. மெயில் போட்டிருக்கிறோம். பதில் வரும் வரை பேட்சை உள்ளே விட மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார், பையனுக்குக் கொஞ்சம் கோபம்.